கம்பத்தடியில் இருந்தவர்கள்

நாங்கள் போய் இறங்கியபோது கூடைப்பந்துக் கம்பத்தின் அடியில் கழுதைகள் நின்றன. மன்னார்த் தீவில் கழுதை நிற்பது புதினமில்லை. ஆனால் இவை நிழலுக்கு ஒதுங்கியவையல்ல. கம்பத்தின் பின்பக்கத்தில் அடுக்கியிருந்த சாக்குகளை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, நக்கிக்கொண்டிருந்தன. களத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர் தும்புத்தடியை ஓங்கினார். அவை கொஞ்சம் விலகி, அவர் திரும்பும்வரை பார்த்து நின்றுவிட்டு மறுபடியும் வந்தன.

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மாணவன். பின்னேரங்களில் ஒரு பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பழகினேன். அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவருக்கு, தொலைபேசியில் புள்ளிகளைக் கேட்டு எழுதுவது பிடிக்காது. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுது என்பார். எங்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி மன்னாருக்கு ஒரு சுற்றுப்போட்டிக்குப் போகிறது என்று தெரிந்ததும், அவர்களின் வாகனத்தில் தொற்றிக்கொண்டேன். சனிக்கிழமை முதற் சுற்று. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இறுதியாட்டம்.

பூநகரி வீதியால் போகும்போது பேச்செல்லாம் அணித் தலைவனைப் பற்றித்தான். அணியில் அவன்தான் உயரம். பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, ‘நெடுவல்’ என்பார்கள். தீவுக்குப் போகிற பாலத்துக்கு இப்பால், திருக்கேதீஸ்வரத்துக்குத் திரும்புகிற சந்தியிலிருந்து உள்ளே போனால் அவனுடைய ஊர். வயற்காரர்கள். கொழும்பில் சில மாதம் தங்கிப் பயிற்சி எடுக்க அவனுக்கு அழைப்பு வந்திருந்தது. அவனுடைய தகப்பன் அதற்கு ஓம் சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. மகன் விளையாடி ஒரு நாளும் பார்த்திராத அவர், “வந்து பாத்திட்டுச் சொல்லுறன்” என்று மட்டும் சொல்லியிருந்தார். இறுதியாட்டத்துக்கு நாங்கள் தெரிவானால் அவர் வருவார்.

“டேய் நெடுவல், கொப்பர் வந்து பாத்திட்டு, இந்த உயரத்துக்குத் தேங்காய் புடுங்கியிருக்கலாமே எண்டு கேக்கப்போறார்” என்றான் பின்னாசனத்திலிருந்த ஒருவன்.

“கேக்கட்டும். முதல்ல ரிங்கில தொங்கிக் காட்டுறன். அதுக்குப் பிறகு கேக்கட்டும்.”

“மட்ச்சிலயோ? நீ தொங்கினதை நாங்கள் பயிற்சியில மட்டும்தான் கண்டனாங்கள்.”

“நாளைக்குக் காணுவியள்.”

பாய்ந்து, பந்தைக் கையாலேயே வளையத்துக்குள் அமத்தி, அப்படியே வளையத்தைப் பிடித்துத் தொங்குவதைத்தான் அவன் சொன்னான். பயிற்சியில் அதை அவன் எத்தனையோ தடவை செய்து நான் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தில் செய்ததில்லை. மாஸ்டர் விடமாட்டார். எங்கள் பயிற்றுநரைத்தான் மாஸ்டர் என்போம். அன்று அவர் முன்னாசனத்தில் நித்திரை. நித்திரை போலத்தான் இருந்தார்.

ஆடுகளம் தீவின் வடக்குக் கரையில், ஒரு மீனவக் கிராமத்தின் கத்தோலிக்கக் கோயில் வளவுக்குள் இருந்தது. சீமெந்து புதிது. கோயில் திருநாளில் புனிதரின் சுருவம் சுற்றி வருகிற இடம் அது என்பதால் நிலத்தில் எதையும் புதைக்கக்கூடாது என்று கோயில் சபை சொல்லிவிட்டது. ஆகவே ஊர் விளையாட்டுக் கழகம் இரண்டு கம்பங்களையும் இரும்புச் சட்டங்களில் ஒட்டி, சில்லுப் பூட்டி வைத்திருந்தது. வேண்டியபோது தள்ளிக்கொண்டு வரலாம், வேண்டாதபோது தள்ளிக்கொண்டு போகலாம். கம்பம் முன்பக்கம் சாய்ந்து களத்துக்கு மேலே நீண்டிருக்கும். அதன் நுனியில் பலகையும் வளையமும். பின்பக்கச் சட்டத்தில் பாரம் வைக்காவிட்டால், வளையத்தில் ஒருவர் தொங்கினாலே முன்னுக்குக் கவிழும்.

பாரத்துக்கு எங்கும் மண் மூட்டைதான் வைப்பார்கள். இங்கே சாக்குகளுக்குள் இருந்தது மண் அல்ல.

“உப்போ இது?” மாஸ்டர் சாக்கைத் தொட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஓம் மாஸ்டர்” என்றார் கழகச் செயலாளர். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் விசில் தொங்கியது. “கறுத்த உப்பு. விலைப்படாமல் கிடந்தது. தெரிஞ்ச ஆள் சும்மா தந்தவர்.”

“மண் கிடைக்கேல்லையோ?”

செயலாளர் சிரித்தார். தீவே மண்தான். ஆனால் ஒரு கொம்பனி வந்து கனிய மணல் அகழப்போகிறது என்ற பேச்சு அடிபடத் தொடங்கிய பிறகு, அங்கே உழவு இயந்திரப் பெட்டியில் யார் மண் ஏற்றினாலும் சனம் வீதிக்கு இறங்கி மறிக்கும். யாருக்கு, எதற்கு என்று கேட்பதற்கு முன்பே மறிக்கும். கழகம் ஒரு தடவை முயன்று பார்த்ததாம். ஏற்றிய மண்ணைத் திரும்ப அதே குழியில் கொட்டிவிட்டு வந்தார்களாம்.

“எங்கட பெடியள், எங்கட கடற்கரை. அதுக்கும் விடேல்லை மாஸ்டர். என்ர மனுசி கூட மறிக்க வந்து நிண்டவள்.”

“மழை பெஞ்சா என்ன செய்வியள்?”

“இன்னும் புரட்டாசி முடியேல்லை. இப்ப எங்கால மழை?”

எங்கள் அணியில் ஒருவன் கழுதைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “கழுதைக்கு விளங்கினது கழகத்துக்கு விளங்கேல்லை.” செயலாளருக்கும் அது கேட்டது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அன்று வெயில் கடுமை. காற்றும் ஓயவில்லை. நாங்கள் இரண்டு ஆட்டங்களையும் வென்றோம். பந்து பலகையில் பலமாகப் படும்போதெல்லாம் பின்பக்கச் சாக்குகள் மெல்ல நடுங்குவதைக் கண்டேன். நெடுவல் இரண்டாவது ஆட்டத்தில் வளையத்தை ஒரு கையால் தொட்டுவிட்டு இறங்கினான். கம்பம் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. அவன் மேலே பார்த்தான், சாக்குகளைப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்தான்.

“அப்பா, ஃபைனலுக்கு வந்திட்டம். நாளைக்குப் பின்னேரம். ஓம். வாங்கோ. விதைப்புக்கு என்ன அவசரம், மழை இன்னும் வரேல்லையே.”

மழை அன்று பொழுதுபடவே வந்தது. நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட வகுப்பறையின் யன்னலால் பார்த்தேன். கடல் பக்கம் மேகம் கறுத்து, காற்று ஒரேயடியாக நின்றது. நாள் முழுவதும் காதில் இரைந்துகொண்டிருந்த ஒன்று சட்டென்று நின்றால் ஏதோ பிழை என்றுதான் தோன்றும். பிறகு இடி. பிறகு தகரக் கூரையில் யாரோ கல்லைக் கொட்டியதுபோல மழை. பெடியள் யன்னலால் கையை நீட்டி மழையைப் பிடித்து விளையாடினார்கள். மாஸ்டர் மட்டும் கதிரையில் இருந்தபடி, “உப்பு” என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் களத்துக்குப் போனோம். சீமெந்துத் தரையில், கம்பத்தடியிலிருந்து தொடங்கி, தண்ணீர் ஓடிய வழியெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. வெயில் ஏற ஏற அது இன்னும் வெளுத்தது. சாக்குகள் பல் விழுந்த கிழவனின் கன்னம்போல உள்ளுக்குப் போயிருந்தன. செயலாளர் ஒன்றை ஒரு கையால் தூக்கினார். தூக்கியவர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பின்னேரம் மட்ச். கல்லுக் கில்லு ஏதும்?” என்றார் மாஸ்டர்.

“தீவில கல்லு எங்க மாஸ்டர்?”

உண்மைதான். தோண்டினால் மண், இன்னும் தோண்டினால் தண்ணீர். நங்கூரங்களைக் கொண்டுவரலாம் என்றார் ஒருவர். படகுகளெல்லாம் வெளியில் என்றார் இன்னொருவர். கடற்கரையில் நாலு சாக்கு மண் மட்டும் அள்ளினால் என்ன என்று ஒரு பெடியன் கேட்டான். பூசை முடிந்து வந்துகொண்டிருந்த பெண்கள் அதைக் கேட்டு நின்றுவிட்டார்கள்.

“ஒரு சாக்கெண்டாலும் மண் மண்தான் தம்பி” என்றார் அவர்களில் ஒருவர். “இண்டைக்கு நீ அள்ளுவாய். நாளைக்குக் கொம்பனிக்காரன் வந்து, உங்கட பெடியளே அள்ளினவங்கள்தானே எண்டு கேப்பான். என்ன பதில் சொல்லுறது?”

 அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. இறுதியாட்டத்தில் எங்களோடு மோதுவது ஊர்க் கழகத்தின் அணி. முதல் நாளே ஒலிபெருக்கியில் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள்.

கடைசியில் செயலாளர்தான் வழி கண்டுபிடித்தார்.

“ஆக்களை இருத்துவம்.”

“எங்க?”

“சட்டத்தில. குறுக்க பலகை போட்டா, ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுப் பேர் இருக்கலாம். பாரம்தானே வேணும்? உப்பை விட மனுசர் பாரம். கரையவும் மாட்டினம்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது கெட்டித்தனமாகத்தான் பட்டது. கதிரைகள் போதாது என்ற பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. படகு வேலைக்கென்று வைத்திருந்த பலகைகள் வந்தன. சாக்குகளை எடுக்காமலே அவற்றின் மேல் பலகைகளை வைத்துக் கட்டினார்கள். மாஸ்டர் ஒரு பலகையில் இருந்து பார்த்தார். இன்னும் ஆறேழு பேரை ஏறச் சொன்னார். எங்கள் அணியில் ஒருவன் பாய்ந்து வளையத்தைப் பிடித்து ஆடினான். கம்பம் அசையவில்லை.

“ஓகே” என்றார் மாஸ்டர். ஆனால் ஆட்டத்துக்கு முன் எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு வேறொன்று சொன்னார். “ஒருத்தரும் ரிங்கைத் தொடக்கூடாது. விளங்குதோ?” எல்லோரும் ஓம் என்றார்கள். நெடுவல் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனும் தலையாட்டினான்.

பின்னேரம் நாலு பக்கமும் சனம். மதிலில் இருந்தார்கள். கோயில் படியில் இருந்தார்கள். நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களில் ஏறி நின்றார்கள். காற்று திரும்பவும் வந்திருந்தது. ஒலிபெருக்கியில் பேசியவர் கரகரத்த குரல்காரர்.

“அன்பான ரசிகப் பெருமக்களே, கம்பத்தடியில வீற்றிருக்கிற கனவான்களே, உங்களை நம்பித்தான் இண்டைக்குக் கழகம் நிக்குது. மூத்திரத்துக்குப் போறதெண்டாலும் மாற்று ஆளை இருத்திப்போட்டுத்தான் போகவேணும்.”

நெடுவலின் தகப்பன் ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மகனைப்போல உயரமில்லை. மெலிந்த ஆள். வெள்ளைச் சாரம், வெளுத்த சேட்டு, காலில் ரப்பர்ச் செருப்பு. சனத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். நான் போய், மகனோடு வந்தவன் என்று சொன்னேன்.

“நீங்கள்தான் பேப்பருக்கு எழுதிற தம்பியோ? இவன் நல்லா விளையாடுவானோ?”

“நல்லா விளையாடுவான் ஐயா.”

“எனக்கு இது ஒண்டும் தெரியாது. மழை பெஞ்சிட்டுது. நாளைக்குள்ள விதைக்காட்டி, ஈரத்துக்குள்ள உழவு மெசின் இறக்கேலாது. விட்டிட்டுத்தான் வந்தனான்.”

வந்திருப்பவர் எங்கள் அணித் தலைவனின் தகப்பன் என்று செயலாளருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“ஐயா, இதில நிண்டு என்ன தெரியப்போகுது? இஞ்சால வாங்கோ. நல்ல இடம் தாறன்.”

கம்பத்தடிப் பலகைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார். மரியாதையாகத்தான் செய்தார். பின்வரிசையின் ஓரத்தில் இருந்த ஒரு பெடியனை எழுப்பிவிட்டு, பலகையைக் கையால் துடைத்து இருத்தினார்.

“ரெண்டாம் பாதியில உங்கட மகன் இந்தக் கம்பத்துக்குத்தான் வருவார். கிட்ட இருந்து பாக்கலாம். ஒண்டு மட்டும் ஐயா, எழும்பக்கூடாது. நீங்கள் எழும்பினா கம்பமும் எழும்பும்.”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “எழும்ப மாட்டன்” என்றார். தோள் துவாயை மடித்து மடியில் வைத்தார்.

முதற் பாதியில் அந்தக் கம்பத்துக்கு ஊர் அணிதான் எறிந்தது. அவர்களின் முதலாவது பந்து வளையத்துக்குள் விழுந்தபோது பலகைகளில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு, பலகையை விட்டு நிலத்தில் எழும்பி நின்றார்கள். பிறகு செயலாளர் சொன்னது நினைவு வந்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு பலகையில் திரும்ப இருந்தார்கள். இரண்டாவது பந்துக்கும் எழும்பினார்கள். மூன்றாவதுக்கும். எழும்பாதவர் ஒருவர்தான். பின்வரிசை ஓரத்தில், துவாயை மடியில் வைத்தபடி, முன்னால் நின்றவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கொஞ்ச நேரத்துக்கு நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கம்பத்தடியை மட்டும் பார்த்தேன். பந்து வளையத்துக்கு வெளியே போனால் அவர்கள் இருந்தார்கள். உள்ளே போனால் எழும்பினார்கள். கம்பத்துக்குப் பாரம் தேவைப்படாத நேரமெல்லாம் பாரம் இருந்தது. யாராவது வளையத்தில் தொங்கினால், அந்த ஒரு கணத்தில் அது இருக்காது. அவர்கள் எழும்பப்போவது அதற்காகத்தான்.

இடைவேளையில் செயலாளரிடம் போய்ச் சொன்னேன்.

“அண்ணை, பந்து விழுற நேரம் எல்லாரும் எழும்பினம்.”

“ஓம் தம்பி, கண்டனான். சந்தோசத்தில எழும்பினம்.”

“அந்த நேரம் ஆராவது ரிங்கில தொங்கினா?”

“ஆர் தொங்கிறது? எங்கட பெடியளுக்கு எட்டாது.” பிறகு எங்கள் பக்கத்தைப் பார்த்தார். நெடுவல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். செயலாளரின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஒலிபெருக்கிக்காரரிடம் போய்க் காதுக்குள் ஏதோ சொன்னார்.

“கம்பத்தடிக் கனவான்களுக்கு ஒரு அன்பான வேண்டுகோள். எழும்பவேண்டாம். திரும்பச் சொல்லுறன், எழும்பவேண்டாம். கை தட்டலாம், விசிலடிக்கலாம், மற்றது எல்லாம் இருந்தபடி.”

சனம் விசிலடித்தது. கம்பத்தடியில் இருந்தவர்கள் எழும்பி நின்று கும்பிட்டார்கள்.

நான் நெடுவலிடம் போனேன். மாஸ்டர் அவனுக்கு ஏதோ கீறிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் விலகும்வரை நின்றேன்.

“மச்சான், தொங்காத. சாக்கில ஒண்டும் இல்லை. ஆக்கள் எழும்பினா கம்பம் நிக்காது.”

“அப்பா எங்க?”

“அதிலதான் இருக்கிறார். பின்னுக்கு, ஓரத்தில.”

அவன் கம்பத்தடியைப் பார்த்தான். தகப்பனைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. கண்டதும் அவன் முகம் மாறியது. நான் சொன்னதில் அவனுக்குக் கேட்டது அந்த ஒன்றுதான் போலிருந்தது.

“கிட்ட இருந்து பாப்பார்” என்றான்.

இரண்டாம் பாதியில் நாங்கள் பின்தங்கி, பிறகு எட்டிப் பிடித்து, பிறகு கொஞ்சம் முன்னுக்குப் போனோம். நெடுவல் கவனமாகவே விளையாடினான். வளையத்துக்குக் கிட்டப் போய் மெல்லப் போட்டுவிட்டு இறங்கினான். ஒவ்வொரு தடவையும் கம்பத்தடியில் பாதிப்பேர் எழும்பினார்கள். எங்கள் பந்துக்கும்தான். ஆட்டம் நன்றாக இருந்தது. நல்ல ஆட்டமென்றால் எந்த அணி என்று அவர்கள் பார்க்கவில்லை.

பிறகு ஊர் அணியின் பெடியன் ஒருவன் களத்தின் நடுவில் பந்தைத் தவறவிட்டான். நெடுவல் அதைத் தட்டி எடுத்தான். அவனுக்கும் வளையத்துக்கும் இடையில் ஒருவரும் இல்லை. சத்தம் குறைந்தது. அவன் அடித்துக்கொண்டு போன பந்தின் சத்தம் தனியாகக் கேட்டது. மாஸ்டர் “வேண்டாமடா” என்று கத்தியது எனக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்டிருக்காது.

பலகைகளில் இருந்தவர்கள் பந்து விழுந்த பிறகு எழும்பவில்லை. அவன் தரையை விட்டு எழும்பியபோதே எழும்பிவிட்டார்கள். அந்த ஊரில் அதற்கு முன் யாரும் அதை நேரில் கண்டதில்லை. அவன் பந்தை உள்ளே அமத்தினான். இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்தான். கால்கள் முன்னுக்குப் போயின. ஆடிக்கொண்டு அவன் தகப்பன் இருந்த பக்கம் பார்த்தான்.

கம்பம் களத்தின் பக்கம் மெல்லக் குனிந்தது. அவசரமேயில்லாமல் குனிந்தது. பின்பக்கச் சட்டம் நிலத்தை விட்டுக் கிளம்பியது. அதில் ஒரே ஒரு மனிதர் இருந்தார். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, இருந்தபடியே மேலே போனார்.

நெடுவல் கையை விட்டான். கீழே விழுந்து உருண்டான். பாரம் போனதும் கம்பம் பின்னுக்குத் திரும்பியது. தகப்பன் அதற்குள் பலகையிலிருந்து வழுக்கி, நிலத்தில் காலை ஊன்றியிருந்தார். சட்டம் அந்தக் காலின் மேல் இறங்கியது.

சனம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது. கம்பம் கவிழாமல் தப்பியதற்கும் சேர்த்துத் தட்டினார்கள். நானும் களத்தில் கிடந்தவனைத்தான் பார்த்தேன். அவன் எழும்பி, உடம்பைத் தட்டிவிட்டுச் சிரித்தான். பிறகுதான் பலகைகளுக்குப் பக்கத்திலிருந்து யாரோ, “தூக்குங்கோ, தூக்குங்கோ, கால், கால்” என்று கத்தினார்கள்.

சட்டத்தைத் தூக்கி அவரை வெளியே எடுத்தார்கள். செருப்பு அறுந்து தனியாகக் கிடந்தது. துவாயைக் காலில் சுற்றினார்கள். ஆட்டோவில் ஏற்றியபோது மகனும் ஏறினான். மாஸ்டர் அணியோடு நிற்க வேண்டியிருந்ததால் என்னைக் கூடப் போகச் சொன்னார். பட்டினத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுவதும் நெடுவல் தகப்பனின் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். விளையாட்டு உடுப்புத்தான் உடம்பில். முழங்கால் உரசி இரத்தம் வந்திருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

படம் எடுப்பதற்காக அவரைத் தள்ளுவண்டியில் கிடத்தி விறாந்தையில் விட்டிருந்தார்கள். ஊசி போட்டிருந்தார்கள். பாதத்தில் எலும்பு முறிந்திருக்கும் என்று முதலில் பார்த்த டொக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

“நீங்கள் ஏனப்பா எழும்பேல்லை?” என்றான் மகன்.

“இருக்கச் சொல்லித்தானே இருத்தினவை.”

“எல்லாரும் எழும்பினவங்கள்தானே.”

“அவங்கள் எழும்பினா? நானும் எழும்பினா நீ விழுந்திடுவாய் எண்டெல்லோ அந்தத் தம்பி சொன்னவர்.”

செயலாளர் அப்படிச் சொல்லவில்லை. கம்பம் எழும்பும் என்றுதான் சிரித்துக்கொண்டு சொன்னார். இவர் அதை விளங்கிக்கொண்ட விதம் அதுதான். நான் திருத்தவில்லை.

நெடுவல் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “கண்டனீங்களோ?” என்று கேட்டான்.

“எதை?”

“நான் தொங்கினதை.”

தகப்பன் யோசித்தார். “முன்னுக்கு நிண்டவங்கள் மறைச்சுப்போட்டாங்கள். காலைக் கண்டனான். உன்ர சப்பாத்து.”

அப்போது என் தொலைபேசி அடித்தது. மாஸ்டர். பின்னணி இரைச்சலாக இருந்ததால் அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. சத்தத்தைக் கூட்டி, மூன்று பேருக்கும் கேட்கும்படி பிடித்தேன்.

“எப்பிடி இருக்கிறார்? படம் எடுத்தாச்சோ? அவனிட்டச் சொல்லு, நாங்கள் விடேல்லை, விளையாடுறம். இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. முன்னுக்கு நிக்கிறம்.”

“எந்தக் கம்பத்தில மாஸ்டர்?” என்றான் நெடுவல்.

“அதேதான். இவ்வளவு நேரமும் நேராக்கி, இப்பதான் திரும்பத் தொடங்கினது. ஆக்களைக் கூட்டி இருத்தியிருக்கு.”

மாஸ்டரின் குரலுக்குப் பின்னால் கரகரத்த குரல் கேட்டது. கம்பத்தடியில் இருக்கிறவர்கள் இந்த முறையாவது எழும்பவேண்டாம், நடந்ததை எல்லோரும் கண்டீர்கள்தானே, எழும்பவேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது முடியுமுன் ஒரு பெரிய ஆரவாரம் வந்து தொலைபேசியை நிறைத்தது.

தள்ளுவண்டியில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார்.

“எழும்பிட்டாங்கள்” என்றார்.

நெடுவல் தொலைபேசியை என் கையிலிருந்து பறித்தான். “மாஸ்டர், மட்ச்சை நிப்பாட்டுங்கோ. நான் கப்டன் சொல்லுறன். கப்பை அவங்களுக்குக் குடுங்கோ.”

“விசரோடா உனக்கு? நாலு நிமிசத்துக்குள்ள முடிஞ்சிடும்.”

“பின்வரிசை ஓரத்தில இப்ப ஆர் இருக்கினம்?”

“என்ன?”

“அப்பா இருந்த இடத்தில. ஆர் இருக்கினம், பாத்துச் சொல்லுங்கோ.”

மாஸ்டர் பார்த்திருக்க வேண்டும். 

“ஒரு வயசுபோன ஆள்” என்றார். “சரி. நான் ரெஃபரியிட்டப் போறன்.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது. வெள்ளை உடுப்போடு ஒருவர் வந்து வண்டியைப் படம் எடுக்கும் அறைப் பக்கம் தள்ளினார். நெடுவல் கூடவே நடந்தான். கதவடியில் அவனை நிற்கச் சொன்னார்கள்.

“கொழும்புக்குப் போறதைப் பற்றி...” என்று தகப்பன் தொடங்கினார்.

“அதைப் பேந்து கதைப்பம். நாளைக்கு மெசின்காரர் எத்தினை மணிக்கு வருவார் எண்டு சொல்லுங்கோ. நான் நிண்டு விதைக்கிறன்.”

“விடியவே வந்திடுவான்” என்றார் அவர். கதவு சாத்தப்பட்டது.